யாங்கோனில் மாலைப் பலகாரம் வாங்கும்போது

யாங்கோன் காளி கோயில் பக்கம் மாலையில் பலகாரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் எண்ணெய்ச் சட்டியைப் பாருங்கள். தட்டில் குவிந்திருப்பதை விட்டு, வேகிற அடுத்த ஈடு வரும்வரை நின்று வாங்குவதே நல்லது. பயாஜோ நம்ம பருப்பு வடை மாதிரிதான், ஆறினால் மொறுமொறுப்பு போய்விடும். சுரைக்காய் பஜ்ஜியும் அப்படியே.

சமூசாவை நறுக்கி முட்டைக்கோஸ், வெங்காயம், புதினா போட்டுக் கலந்து தருவார்களே, அதைப் பார்சல் வாங்கினால் சாற்றைத் தனிப் பையில் கட்டச் சொல்லுங்கள். சேர்த்து ஊற்றினால் வீட்டுக்குப் போவதற்குள் எல்லாம் ஊறிக் கூழாகிவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். காய்ந்த இறால் தூளும் மீன் சாறும் பர்மியக் கலவைகள் பலவற்றில் கேட்காமலே விழும். கலக்கத் தொடங்கும் முன்பே 'தெத்தத்லுத்' (பர்மிய மொழியில் சைவம்) என்று சொல்லிவிடுங்கள், கடைக்காரருக்குப் புரியும். அப்புறம், இறால் பொரித்த எண்ணெயிலேயே சுரைக்காயும் பொரிகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். விரதம் இருக்கிறவர்கள் இதை விட்டுவிடவே கூடாது.

சின்ன நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். மழை நாளில் மூடி வைக்காத சட்னி வேண்டாம்.