மில்லிமீட்டரிலிருந்து கிலோமீட்டர் வரை: புள்ளியை எந்தப் பக்கம் நகர்த்துவது?

ஒரு ஸ்கேலை எடுத்து 0-க்கும் 1-க்கும் நடுவே பாருங்கள். பத்துச் சின்ன இடைவெளிகள் இருக்கும். ஒவ்வொன்றும் 1 மிமீ. பத்தும் சேர்ந்தால் 1 செமீ. அப்புறம் 100 செமீ 1 மீட்டர், 1000 மீட்டர் 1 கிமீ. இவ்வளவுதான் மனப்பாடம். டெசிமீட்டரும் ஹெக்டோமீட்டரும் பாடப்புத்தகத்தைத் தாண்டி அதிகம் வருவதில்லை.

பெயரிலேயே விடை இருக்கிறது. லத்தீனிலிருந்து வந்த சென்டி, மில்லி இரண்டும் மீட்டரைக் கூறுபோடுபவை: நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று. கிரேக்கத்திலிருந்து வந்த கிலோ ஆயிரம் மடங்கு.

படி 1: கணக்கைத் தொடுமுன், எண் கூடுமா குறையுமா என்று யோசியுங்கள். அலகு சின்னதானால் எண் பெரிதாகும். அதே நீளத்துக்குச் சின்னத் துண்டுகள் நிறைய வேண்டுமே! 'பெரிய அலகு, அதனால் பெரிய எண்' என்று நினைத்துத்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

படி 2: எண் கூட வேண்டுமானால் பெருக்குங்கள், புள்ளி வலப்பக்கம் போகும். குறைய வேண்டுமானால் வகுங்கள், புள்ளி இடப்பக்கம் வரும். 10-க்கு ஓரிடம், 100-க்கு இரண்டு, 1000-க்கு மூன்று.

2.35 மீட்டரைச் சென்டிமீட்டராக்க இரண்டிடம் வலப்பக்கம்: 235. மில்லிமீட்டராக்க மூன்றிடம், இலக்கம் தீர்ந்துபோவதால் ஒரு பூஜ்ஜியம் சேர்த்து 2350.

திருப்பிப் போகும்போதுதான் சிக்கல். 48 மில்லிமீட்டர் எத்தனை மீட்டர்? 48-இல் புள்ளியே இல்லையே என்று திகைக்க வேண்டாம், அது 8-க்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மூன்றிடம் இடப்பக்கம் தள்ளுங்கள்: 4.8, 0.48, 0.048. இரண்டாவதிலேயே நின்றுவிட்டால் 0.48 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட அரை மீட்டர். ஸ்கேலில் 48 மிமீ ஐந்து சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. எனவே விடை 0.048.

படி 3: இரண்டு அலகுகள் கலந்து வந்தால் முதலில் சின்ன அலகுக்குக் கொண்டுபோங்கள். 3 மீட்டர் 7 செமீ என்பது 3.7 மீட்டர் அல்ல. 300 + 7 = 307 செமீ, ஆக 3.07 மீட்டர். நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

இதெல்லாம் நீளத்துக்கு மட்டும். பரப்பளவில் 1 சதுர மீட்டர் என்பது 100 அல்ல, 10,000 சதுர சென்டிமீட்டர். அகலத்துக்கு ஒரு நூறு, நீளத்துக்கு ஒரு நூறு.

சரி, ஒரு ஏ4 தாளை எடுங்கள். நீளம் 297 மிமீ. அதைச் சென்டிமீட்டரிலும் மீட்டரிலும் எழுதிவிட்டு ஸ்கேலை வைத்துச் சரிபாருங்கள்.