ஸலாம் முதல் துஆ வரை: டெல்டாவில் ஒரு முஸ்லிம் வீட்டுக்கு முதன்முறை போகிறவருக்கு

திருவாரூர்ப் பக்கம் வேலை மாற்றலாகி வரும் நண்பர்கள் என்னிடம் கேட்பது இது: "முஸ்லிம் வீட்டுக்குப் போனால் எப்படிப் பேசுவது?" கூத்தாநல்லூரிலோ நாகூரிலோ முதன்முறை படியேறுகிறவரை மனத்தில் வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

1. வாசலில் நில்லுங்கள்

கதவு திறந்து கிடந்தாலும் குரல் கொடுத்து நில்லுங்கள். அனுமதி கேட்டு, ஸலாம் சொன்ன பிறகே பிறர் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்கிறது குர்ஆன் (24:27). மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிடுவது நபிவழி. அதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

2. ஸலாம்

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றால் "உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்". பதில், "வஅலைக்குமுஸ்ஸலாம்". வாகனத்தில் போகிறவர் நடப்பவருக்கும், நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்கும், சிறியவர் பெரியவருக்கும் முந்திச் சொல்ல வேண்டும். டீக்கடை பெஞ்சைக் கடக்கும் மோட்டார் சைக்கிள் ஏன் வேகம் குறைகிறது என்று இப்போது புரியும். முஸ்லிம் அல்லாதவர்கள் வணக்கம் சொன்னாலே போதும். முகம் மலர்ந்து பதில் வரும். வாட்ஸ்அப்பில் ஸலாத்தை இரண்டு மூன்று எழுத்தாகச் சுருக்குவது எனக்குப் பிடிக்காது. அது ஒரு பிரார்த்தனை, முழுதாக எழுதுங்கள்.

3. "இன்ஷா அல்லாஹ்" என்றால் மறுப்பு அல்ல

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். "இன்ஷா அல்லாஹ்", அதாவது "இறைவன் நாடினால்" என்று சொல்லாமல் "நாளை இதைச் செய்வேன்" என்று சொல்லாதீர்கள் என்பது குர்ஆனின் கட்டளை (18:23-24). இதைத் தட்டிக்கழிக்கும் பேச்சு என்று நினைக்கிறார்கள். எங்கள் வாப்பாவிடம் (அப்பாவிடம்) "நடவு எப்போது?" என்று கேட்டால், ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்த செய்தி வந்த பிறகும் "இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம்" என்றுதான் சொல்வார். நாற்று தயாராக இருக்கும், நடவுக்கு ஆளும் பேசியிருப்பார். ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் எந்த நாளில் வந்து சேரும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? தன் பங்கைச் செய்து முடித்துவிட்டுச் சொல்லும் சொல் அது. வேலையை ஒத்திப்போட அதைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு; அவர்கள் அந்தச் சொல்லுக்கு அநியாயம் செய்கிறார்கள்.

4. நேரத்தைத் தொழுகையால் கணக்கிடுங்கள்

"மஃரிபுக்குப் பிறகு வாருங்கள்" என்றால் சூரியன் மறைந்து, தொழுகை முடிந்த பிறகு. இங்கே அது டிசம்பரில் 6 மணிக்குச் சற்று முன்பே வரும், ஜூனில் 6.30ஐ ஒட்டும். பாங்கு (தொழுகைக்கான அழைப்பு) ஒலித்ததும் பேச்சு நின்றால், அது உங்களை விலக்குவதாகாது.

5. உள்ளே போன பிறகு

"பசியாறினீர்களா?" என்று கேட்பார்கள், காலை உணவைக் குறிக்கும் சொல் அது. "ஆணம்" என்றால் குழம்பு. குழந்தையைப் பாராட்டும்போது "மாஷா அல்லாஹ்" (இறைவன் நாடியது) சேர்த்துச் சொன்னால் தாய்க்கு நிம்மதி.

6. மவுத் (இறப்பு) செய்தி வந்தால்

"இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்பார்கள்: நாம் இறைவனுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள். உடனே கிளம்புங்கள். அடக்கத்தைத் தாமதிப்பதில்லை, நாளை போகலாம் என்று இருந்தால் ஜனாஸாவை (இறந்தவர் உடலை) பார்க்க முடியாது.

7. விடைபெறும்போது

மீண்டும் ஸலாம். பெரியவர்களிடம் "துஆ செய்யுங்கள்" (எனக்காகப் பிரார்த்தியுங்கள்) என்று கேளுங்கள். உங்கள் பெயரையும், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் விசாரித்துக்கொள்வார்கள்.