அதிவேக ரயிலில் ஓஎஃப்டிஎம்: சப்கேரியர் குறுக்கீட்டைக் குறைப்பது எப்படி?

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலில், 3.5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ஒரு ரிசீவரை எடுத்துக்கொள்வோம். அது பெறுவது ஓஎஃப்டிஎம் சிக்னல்: தரவைப் பல நெருக்கமான துணை அலைகளில், அதாவது சப்கேரியர்களில், பிரித்து அனுப்பும் முறை. ரயிலின் வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்து அலைவெண்ணால் பெருக்கினால், நகர்வால் அலைவெண்ணில் ஏற்படும் அதிகபட்ச மாற்றம், அதாவது டாப்ளர் பெயர்ச்சி, சுமார் 972 ஹெர்ட்ஸ். 15 கிலோஹெர்ட்ஸ் சப்கேரியர் இடைவெளியில் இது 6.5 சதவீதம். ஒரு சிம்பல் (ஒரே தடவையில் அனுப்பும் சிக்னல் துண்டு) முடிவதற்குள்ளேயே சேனல் (சிக்னல் வந்துசேரும் வழி) மாறிவிடுவதால் சப்கேரியர்களின் செங்குத்துத்தன்மை, அதாவது ஒன்றிலொன்று குறுக்கிடாத தன்மை, குலைந்து, ஒன்றின் ஆற்றல் பக்கத்தில் இருப்பதில் கசிகிறது. எதிரொலிகள் எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக வந்தால், இக்கசிவு சிக்னலைவிட ஏறத்தாழ 22 டெசிபல் கீழே நிற்கும். நான்கே நிலைகளில் தரவை ஏற்றும் கியூபிஎஸ்கே இதைத் தாங்கும், 256 நிலைகளை நெருக்கமாக அடுக்கும் 256-கியூஏஎம் தாங்காது. அனுப்பும் திறனைக் கூட்டியும் பயனில்லை, கசிவும் கூடவே ஏறும்.

பலர் எடுத்த எடுப்பிலேயே, சேனல் செய்த சிதைவைத் திருத்தும் ஈக்வலைசரில் கை வைக்கிறார்கள். அதற்கு முன், எல்லாப் பாதைகளுக்கும் பொதுவான பெயர்ச்சியை, சப்கேரியர்களைப் பிரித்தெடுக்கும் கணக்கீடான எஃப்எஃப்டிக்கு முன்பே கழித்துவிட வேண்டும். கோபுரம் நேராகத் தெரியும் வழித்தடத்தில் பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்; ஆனால் ரயில் கோபுரத்தைக் கடக்கும் கணத்தில் பெயர்ச்சியின் குறி மாறுமாதலால், திருத்தமும் அதே வேகத்தில் பின்தொடர வேண்டும். அடுத்து, இடைவெளியை 30 கிலோஹெர்ட்ஸாக்கினால் கசிவு மேலும் 6 டெசிபல் இறங்கும். இதற்கு விலை உண்டு: எதிரொலிகளைத் தாங்க ஒவ்வொரு சிம்பலின் முன்னும் விடும் காப்பு நேரமான சைக்ளிக் பிரிஃபிக்ஸ் 4.7 மைக்ரோவினாடியிலிருந்து 2.3 ஆகச் சுருங்குவதால், நேர்ப்பாதையைவிட 700 மீட்டருக்கு மேல் சுற்றி வரும் எதிரொலி அடுத்த சிம்பலில் விழும்.

மிச்சக் கசிவுக்குத்தான் ஈக்வலைசர். முதலில் பைலட்டுகளை (ரிசீவருக்கு முன்பே தெரிந்த சிக்னல்களை) நேரத்தில் நெருக்கமாக வைத்து, சேனலை ஒரு சிம்பலுக்குள் நேர்கோட்டில் மாறுவதாகக் கொண்டு, அண்டை சிம்பல்களின் மதிப்புகளிலிருந்து அதன் சரிவைக் கணக்கிட வேண்டும். பிறகு அலைவெண் களத்தில் சேனல் மேட்ரிக்ஸை (எந்தச் சப்கேரியர் எதில் எவ்வளவு கசிகிறது என்னும் அட்டவணையை) எழுதினால், ஆற்றலின் பெரும்பகுதி மூலைவிட்டத்தை ஒட்டியே குவிந்திருக்கும். இருபுறமும் இரண்டு சப்கேரியர்களை மட்டும் வைத்துக்கொண்டு சராசரி வர்க்கப் பிழையை மிகக் குறைக்கும் எம்எம்எஸ்இ முறையில் தீர்த்தால், கணக்கீடு சப்கேரியர் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்திலேயே வளரும். முழு மேட்ரிக்ஸைத் தலைகீழாக்கினாலோ அது எண்ணிக்கையின் முப்படியாக வளர்ந்து, 1024 சப்கேரியருக்கு நூறு கோடியைத் தொடும்.

சோதிக்கும்போது இரைச்சலைப் படிப்படியாகக் குறைத்துப் பிழைவிகிதத்தை வரைந்து பாருங்கள். கோடு ஓரிடத்தில் தட்டையாகிவிட்டால், சிமுலேஷனில் டாப்ளரைப் பூஜ்யமாக்கி மீண்டும் ஓட்டுங்கள். தட்டை அப்படியே இருந்தால் குற்றவாளி டாப்ளர் அல்ல. அலைவெண்ணை உருவாக்கும் ஆசிலேட்டரின் ஃபேஸ் இரைச்சலைத்தான் (அதன் கட்டத்தில் வரும் நடுக்கத்தைத்தான்) முதலில் பார்க்க வேண்டும்.