வீட்டு நெட்டுக்கு மாத டேட்டா வரம்பா? எங்கே தீர்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

எங்கள் வீட்டில் மூன்று மாதமாக இருபதாம் தேதி வாக்கிலேயே டேட்டா தீர்ந்துகொண்டிருந்தது. பழி நேராகப் பையன் தலையில் விழுந்தது. "எந்நேரமும் கேம் ஆடினால் வேறென்ன ஆகும்?" ஒரு வாரம் உட்கார்ந்து அளந்து பார்த்தேன். கேம் பட்டியலின் கடைசியில் கிடந்தது. முதலிடத்தில் இருந்தது நானே ஏணி வைத்து வாசலில் மாட்டிய கேமரா! அவனிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. அன்று செய்ததைத்தான் வரிசையாக எழுதுகிறேன். தொழில்நுட்ப அறிவு எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டு, ரவுட்டரின் பாஸ்வேர்டு, ஒரு வாரப் பொறுமை போதும்.

படி 1: உங்கள் திட்டத்தின் சிறிய எழுத்தைப் படியுங்கள்

இணைய நிறுவனத்தின் ஆப்பிலோ இணையதளத்திலோ உங்கள் திட்டத்தைத் திறந்து நான்கு விஷயங்களை நோட்டில் எழுதுங்கள். மாதத்துக்கு எத்தனை ஜிபி? கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது? அப்லோடும் கணக்கில் சேருமா? வரம்பு தாண்டினால் என்ன ஆகும்?

"அன்லிமிடெட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் படியுங்கள். கீழே எங்காவது "நியாயப் பயன்பாட்டுக் கொள்கை" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். பெரும்பாலும் அதுதான் வரம்பு. தாண்டினால் சில நிறுவனங்கள் வேகத்தைக் குறைக்கும், சில கூடுதலாகக் காசு பிடிக்கும், சில இணைப்பையே நிறுத்தும். வேகம் குறைவது வெறும் எரிச்சல். காசு பிடிப்பது பில்லில் இடி. உங்களுடையது எந்த வகை என்று தெரிந்தால்தான் எவ்வளவு கவலைப்பட வேண்டும் என்பதும் தெரியும்.

தேதியையும் அலட்சியமாக விடாதீர்கள். கணக்கு பன்னிரண்டாம் தேதி தொடங்குகிறது என்றால், காலண்டர் மாதத்தை வைத்து நீங்கள் போடும் கணக்கு எல்லாமே தப்பாகத்தான் வரும்.

படி 2: பிட்டையும் பைட்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்

வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள் (எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட்), வரம்பை ஜிகாபைட்டில் (ஜிபி) சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் நொடிக்கு 12.5 எம்பி (மெகாபைட்), மணிக்கு 45 ஜிபி. அப்படிப் பார்த்தால் 1000 ஜிபி வரம்பு 22 மணி நேரத்தில் காலி. யாரும் முழு வேகத்தில் நாள் முழுக்க ஓட்டுவதில்லை என்பதால்தான் அது மாதம் முழுக்க வருகிறது.

இன்னொரு கணக்கை மனப்பாடமே செய்துகொள்ளலாம். ஒரு கருவி 1 எம்பிபிஎஸ் வேகத்தில் இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி, 30 நாளுக்கு 324 ஜிபி. என் கேமராவைப் பிடித்துக் கொடுத்தது இந்தக் கணக்குதான்.

நிறுவனத்தின் எண்ணும் உங்கள் கணினியின் எண்ணும் சரியாக ஒத்துப்போகாது, அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். ஒருவர் ஜிபியை 1000 எம்பியாக எண்ணுவார், மற்றவர் 1024 ஆக எண்ணுவார். விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிவது இன்னொருவர் கணக்கில் 1000 ஜிபி. போதாததற்கு, ஒவ்வொரு டேட்டா பொட்டலத்தின் தலையிலும் முகவரித் தகவல் ஒட்டிக்கொண்டு வரும். அதன் எடையும் கணக்கில் ஏறும். சில சதவீத வித்தியாசம் இயல்பு.

படி 3: மூன்று இடத்தில் அளவு பாருங்கள்

முதலாவது, நிறுவனத்தின் ஆப். பில் போடுவது இந்த எண்ணை வைத்துத்தான் என்பதால் கடைசி வார்த்தை இதனுடையது. ஆனால் இது மொத்தத்தை மட்டும்தான் சொல்லும், யார் எடுத்தார்கள் என்று சொல்லாது. சில மணி நேரம் பின்தங்கியும் காட்டலாம்.

இரண்டாவது, ரவுட்டர். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பெரும்பாலான ரவுட்டர்களின் பக்கம் திறக்கும். சரியான முகவரியும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். "டிராஃபிக்", "ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" போன்ற பெயரில் ஒரு பக்கத்தைத் தேடுங்கள். கருவி வாரியாகக் காட்டும் ரவுட்டர் உங்களுக்கு வாய்த்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: பல ரவுட்டர்களில் மின்சாரம் போய் வந்தால் இந்த எண் பூஜ்ஜியமாகிவிடும். சில பழைய, மலிவான ரவுட்டர்களில் டேட்டாவை எண்ணும் கவுண்ட்டர் 32 பிட் மட்டுமே. அது 4.29 ஜிபியைத் தொட்டதும், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் போல மறுபடி சுழியிலிருந்து தொடங்கும். 300 ஜிபி ஓடியிருக்கும், அது 2 ஜிபி என்று காட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, ஒவ்வொரு கருவியும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், டேட்டா யூசேஜ் என்று போனால் எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று வரும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரில் நெட்வொர்க் பகுதி. ஆண்ட்ராய்டில் வைஃபை டேட்டா யூசேஜ் தனியாகவே இருக்கும். தேடல் பெட்டியில் "டேட்டா யூசேஜ்" என்று அடித்துப் பார்ப்பதே சுலபம், ஏனென்றால் ஒவ்வொரு நிறுவனப் போனிலும் அது ஒவ்வொரு மூலையில் ஒளிந்திருக்கும்.

படி 4: ஒரு வாரம் எழுதுங்கள்

தினமும் ஒரே நேரத்தில், படுக்கப் போகும் முன் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிறுவனத்தின் ஆப் காட்டும் எண்ணை எழுதுங்கள். காலையில் எழுந்ததும் இன்னொரு முறை எழுதுங்கள். இந்தக் காலை எண்தான் முக்கியம். வீடே தூங்கிய நேரத்தில் எத்தனை ஜிபி போயிருக்கிறது? எங்கள் வீட்டில் ஓர் இரவுக்கு ஏழு ஜிபி போயிருந்தது. தூங்குகிறவர்கள் படம் பார்ப்பதில்லை. ஆக, தானாக ஓடும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அன்றே உறுதியாயிற்று.

இந்த வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள். வழக்கம்போல் பயன்படுத்துங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் அளக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் திடீரென்று சிக்கனமாகிவிடுவார்கள், எனவே சொல்லாமல் இருப்பதே உத்தமம்.

படி 5: சந்தேகப் பட்டியல்

கேமரா. மேகத்தில் (கிளவுட், அதாவது இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் சேமிப்பில்) இடைவிடாமல் பதிவு செய்யும் கேமரா 2 எம்பிபிஎஸ்ஸில் அனுப்பினால் மாதம் 648 ஜிபி. அதுவும் அப்லோடு, யார் கண்ணிலும் படாது. அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய்யும்படி மாற்றுங்கள், அல்லது உள்ளேயே ஒரு மெமரி கார்டு போட்டு அதில் பதியுங்கள். எனக்கு இரண்டு சொடுக்கில் முடிந்தது.

வீடியோ. நெட்ஃப்ளிக்ஸ் தரும் கணக்குப்படி மணிக்கு அதிகபட்சம் சாதாரணத் தரத்தில் 1 ஜிபி, எச்டியில் 3 ஜிபி, 4கே-யில் 7 ஜிபி. தினம் நான்கு மணி நேரம் என்றால் 30 நாளுக்கு முறையே 120, 360, 840 ஜிபி. ஒரே படம், ஒரே சோபா, ஏழு மடங்கு வித்தியாசம். 2020 மார்ச்சில் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கியபோது ஐரோப்பாவில் நெட்ஃப்ளிக்ஸ் தன் போக்குவரத்தைச் சுமார் 25 சதவீதம் குறைத்தது. படத்தின் ரெசல்யூஷனை (எச்டி, 4கே என்ற அளவை) அல்ல, அதற்குச் செலவாகும் பிட்களை இறுக்கியே செய்தார்கள்.

டிவியில் ஒரு தந்திரம் உண்டு. ரிமோட்டில் டிவியை அணைத்தாலும், அதில் செருகிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக் சில சமயம் அணைவதில்லை. இருட்டுத் திரைக்குப் பின்னால் அடுத்தடுத்த எபிசோடு ஓடிக்கொண்டே இருக்கலாம். அணைக்கும் முன் முகப்புத் திரைக்கு வந்துவிடும் பழக்கம் நல்லது.

கேம். ஆடுவதற்கு டேட்டா மிகக் குறைவு, பெரும்பாலும் மணிக்குச் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். இறக்குவதுதான் பேய்: பெரிய கேம்கள் 100 ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டும், அப்டேட்டுகள் தனி. கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் 2023 முதல், ஒரே வீட்டில் இன்னொரு கணினியில் ஏற்கெனவே இருக்கும் கேமை வீட்டு நெட்வொர்க் வழியாகவே நகலெடுக்கலாம். வீட்டுக்குள்ளேயே நகரும் டேட்டா வரம்பில் சேராது.

மேகத்தில் சேமிப்பு. புதுப் போன் வாங்கிய வாரத்தில் வரம்பு உடைந்தால் இதைப் பாருங்கள். பத்து வருடப் புகைப்படம் மொத்தமாக மேலே ஏறிக்கொண்டிருக்கும். ஒரு முறைதான் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம், மாதத் தொடக்கத்துக்குத் தள்ளிவைத்தால் இன்னும் நல்லது.

விண்டோஸின் டெலிவரி ஆப்டிமைசேஷன். உங்கள் கணினி இறக்கிய அப்டேட்டை முகம் தெரியாத யாரோ ஒருவருடைய கணினிக்கும் அது அனுப்பக்கூடும். தானம் நல்லதுதான், உங்கள் டேட்டாவிலிருந்து போகிறது என்பதே சிக்கல். விண்டோஸ் அப்டேட்டின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் போய், உள்ளூர் நெட்வொர்க்குக்கு மட்டும் என்று மாற்றுங்கள். டோரண்ட் (கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிரும்) மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்: இறக்கி முடித்த பிறகும் அது ஏற்றிக்கொண்டே இருக்கும்.

ஸ்பீடு டெஸ்ட். நெட் மெதுவாக இருக்கிறது என்று நாளைக்கு இருபது முறை சோதிப்பவரா நீங்கள்? 100 எம்பிபிஎஸ் இணைப்பில் பத்து நொடிச் சோதனைக்கே 125 எம்பி போகும், அப்லோடு சோதனை வேறு.

படி 6: திருகுகளை இறுக்குங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலிடத்தில் இருக்கும் ஒன்றை மாற்றி மூன்று நாள் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

நெட்ஃப்ளிக்ஸில் அக்கவுண்ட் பக்கத்தில் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் பிளேபேக் செட்டிங்ஸ் உண்டு. அதில் மீடியம் வைத்தால் மணிக்கு அதிகபட்சம் 0.7 ஜிபி. யூடியூபில் வீடியோ குவாலிட்டி என்ற இடத்தில் வைஃபைக்கும் டேட்டா சேவர் வைக்கலாம். சிறிய போன் திரையில் 480பி-க்கும் 1080பி-க்கும் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை, தெரிகிறது என்பவர்கள் மன்னிக்கவும்.

விண்டோஸில் உங்கள் வைஃபையைத் தேர்ந்து "மீட்டர்டு கனெக்‌ஷன்" என்பதை ஆன் செய்தால் பெரிய அப்டேட்டுகள் கேட்காமல் இறங்குவது பெருமளவு நிற்கும். ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்திலிருக்கும் ஐ குறியைத் தொட்டு லோ டேட்டா மோடு வையுங்கள். ஆண்ட்ராய்டிலும் வைஃபையை மீட்டர்டு என்று குறிக்கலாம். பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் மாதக்கணக்கில் தள்ளாதீர்கள். வாரம் ஒரு நாள் ஒதுக்கி நீங்களே இறக்கிவிடுங்கள்.

வைஃபை பாஸ்வேர்டை எத்தனை பேரிடம் கொடுத்தீர்கள் என்று நினைவில்லையா? மாற்றிவிடுங்கள். விபிஎன் (உங்கள் டேட்டாவைப் பூட்டி அனுப்பும் மென்பொருள்) போட்டால் வரம்பிலிருந்து தப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நிறுவனத்துக்குத் தெரியாது, பெட்டியின் எடை தெரியும். பெட்டியின் சொந்த எடையும் சேர்ந்து கணக்கு கொஞ்சம் கூடவே செய்யும்.

படி 7: கணக்கு உதைத்தால்

எல்லாம் செய்தும் நிறுவனத்தின் எண் உங்கள் எண்ணைவிட மிக அதிகமாக இருந்தால், ஓர் இரவு ரவுட்டரை அணைத்து, நிறுவனம் கொடுத்த மோடத்தின் மின்இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள். அணைக்கும் முன் ஆப் காட்டும் எண்ணை நேரத்துடன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். காலையில் இன்னொன்று எடுங்கள். ஆப் பின்தங்கிக் காட்டும் என்பதால் அதுவரை பயன்படுத்தியது கொஞ்சம் தாமதமாக ஏறலாம், அதற்கு இடம் கொடுங்கள். அதற்கும் மேல் பல ஜிபி ஏறியிருந்தால், இணைப்பே இல்லாத நேரத்தில் உங்கள் பெயரில் யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். புகார் கொடுக்கும்போது அந்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் ஒரு வார நோட்டையும் சேர்த்து அனுப்புங்கள். போனில் பேசி முடித்துவிடாமல் எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.