ஆங்கிலத்தில் 'இஃப்' போட்டால் வினைச்சொல்லை எப்படி மாற்றுவது?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் வெளிநாட்டு விருந்தினர்களுக்கு வீடு சுற்றிக்காட்டும் பிள்ளைகள் ஆங்கிலம் நன்றாகவே பேசுகிறார்கள். 'இஃப்' வந்தால்தான் தடுமாற்றம். "மழை பெய்தால்" என்ற ஒரே வடிவத்தை நடக்கக்கூடியதற்கும் வெறும் கற்பனைக்கும் நாம் போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு.

முதலில், சொல்லப்போவது நடக்கக்கூடியதா என்று பாருங்கள். "நாளைக்கு மழை பெய்தால் ஆத்தங்குடித் தரைக்கல் காயாது." இது நடக்கலாம். இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, தி டைல்ஸ் வில் நாட் டிரை. இஃப் பக்கம் நிகழ்காலம், மறுபக்கம் 'வில்'. அவ்வளவுதான்.

கற்பனை என்றால் அடுத்த கேள்வி: இன்றைய விஷயமா, முடிந்துபோனதா?

இன்றைய விஷயம் என்றால் இஃப் பக்கம் வினையை இறந்தகாலத்துக்குத் தள்ளுங்கள். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு எனக்குச் சொந்தமில்லை. ஆனாலும் சொல்லலாம்: இஃப் ஐ ஓன்ட் தட் ஹவுஸ், ஐ வுட் ஓப்பன் இட் டு ஸ்கூல் சில்ட்ரன். 'ஓன்' இங்கே 'ஓன்ட்' ஆகிவிட்டது. பேசுவது இன்றைக்கு, வினை மட்டும் நேற்றைக்கு. அதை வைத்துத்தான் இது உண்மையில்லை என்று கேட்பவர் புரிந்துகொள்கிறார். மறுபக்கம் 'வுட்', அதன்பின் மாறாத வினை. 'வுட் ஓப்பன்ட்' கிடையாது. 'ஆம்', 'இஸ்', 'ஆர்' வரவேண்டிய இடமென்றால், 'ஐ', 'ஹீ', 'ஷீ' எதுவானாலும் 'வேர்' போடுங்கள்: இஃப் ஐ வேர் யூ. பேச்சில் 'வாஸ்' காதில் விழும். தேர்வில் 'வேர்'தான் நல்லது.

முடிந்துபோனது என்றால் இன்னும் ஒரு படி பின்னால். 1942-ல் ரங்கூன் ஜப்பான் வசமானது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பலர் பர்மாவில் தொழிலை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அதை மாற்றிக் கற்பனை செய்வோம்: இஃப் ரங்கூன் ஹேட் நாட் ஃபாலன், மெனி ஃபேமிலீஸ் வுட் ஹேவ் ஸ்டேய்ட் தேர். தமிழில் "வந்திருந்தால்… பார்த்திருப்பேன்" என்று இரண்டு பக்கமும் 'இரு' வந்தால், பெரும்பாலும் இந்த வகைதான்.

நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது ஒரே இடத்தில்: இஃப் பக்கமே 'வுட்' போட்டுவிடுவது. 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்' தப்பு. 'இஃப் ஐ ஹேட் நோன்' என்பதே சரி. இதை மட்டும் திருத்தினாலே பேச்சு பாதி தெளிந்துவிடும்.

அப்புறம் கலப்பு வகை ஒன்று உண்டு. ஐயா (தாத்தா) அன்றைக்குத் தேக்குத் தூண்களை விற்றிருந்தால், இன்றைக்கு வளவு (வீட்டு உள்முற்றம்) வெறிச்சென்று கிடக்கும். காரணம் பழையது, விளைவு இன்றையது: இஃப் கிராண்ட்ஃபாதர் ஹேட் சோல்ட் தி பில்லர்ஸ், தி கோர்ட்யார்ட் வுட் லுக் எம்ப்டி டுடே.

பழகுவதற்கு ஒரே வாக்கியத்தை மூன்றாக மாற்றிப் பாருங்கள். நேரம் இருந்தால் பிள்ளையார்பட்டிக்குப் போவேன்: இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கோ. நேரமே இல்லை என்றால்: இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் கோ. போன வாரத்துக் கதை என்றால்: இஃப் ஐ ஹேட் ஹேட் டைம், ஐ வுட் ஹேவ் கான். 'ஹேட் ஹேட்' என்று இரண்டு தடவை வருவது சரிதான், தயங்காமல் சொல்லுங்கள்.