வீட்டை விற்கும் முன் வெளியிடத்தைச் சரிசெய்வது: முதலில் தண்ணீர், கடைசியில் செடி

வீட்டை விற்கப்போகிறோம், தோட்டத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, இப்போதைக்கு நர்சரிப் பக்கம் போகாதீர்கள் என்பதுதான். பார்க்க வருகிறவர் உங்கள் ரோஜாக்களை எண்ணப்போவதில்லை. இங்கே குடிவந்தால் தனக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்றுதான் அவர் மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கைக் குறைப்பதற்கு, வாங்கி வைப்பதைவிட எடுத்துப் போடுவதே அதிகம் உதவும். என் வீட்டை விற்குமுன் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: வேண்டாததை அகற்றுங்கள்

உடைந்த தொட்டி, மிஞ்சிய செங்கல், களை, காய்ந்த கிளை. விளக்கத் தேவையில்லை. கிளை வெட்டும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். கிளை தண்டோடு சேரும் இடம் மோதிரம் போட்டதுபோல் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பை விட்டுவிட்டு வெட்டினால்தான் வெட்டுவாய் மூடிக்கொள்ளும். கனமான கிளை என்றால் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, அப்புறம் மேலிருந்து அறுங்கள். இல்லாவிட்டால் கிளை விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். நல்ல கவாத்துக் கத்தரி ஒன்று, கைரம்பம் ஒன்று போதும். மின்ரம்பம் வீட்டுத் தோட்டத்துக்கு அநாவசியம் என்பது என் கட்சி.

படி 2: தண்ணீர் எங்கே போகிறது?

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். சுவரோரம் தண்ணீர் தேங்கினால் உள்ளே ஓதம், அதாவது ஈரக்கசிவு, ஏறும். விவரம் தெரிந்தவர் சுவரின் அடிக்கறையைப் பார்த்ததுமே பேரத்தை ஆரம்பித்துவிடுவார்.

மண் தரை சுவரிலிருந்து விலகிச் சரிய வேண்டும்: முதல் 10 அடிக்குள் சுமார் 6 அங்குலம் இறக்கம். சிமென்ட் தளம் என்றால் அடிக்குக் கால் அங்குலம் போதும். கண்மட்டத்தை நம்பாதீர்கள், லேசர் கருவிக்கும் அவசியமில்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். ஒளி ஊடுருவும் ஒரு நீளக் குழாய், அதற்குள் தண்ணீர், அவ்வளவுதான்.

சுவரில் ஒரு கோடு போடுங்கள். 10 அடி தள்ளி ஒரு குச்சி நடுங்கள். குழாயின் ஒரு முனையைக் கோட்டருகே பிடித்து, அங்கே தண்ணீர் கோட்டில் நிற்கும்படி குழாயை ஏற்றி இறக்குங்கள். மறுமுனையில் தண்ணீர் நிற்கும் உயரத்தைக் குச்சியில் குறியுங்கள். இரண்டு குறியும் ஒரே மட்டம். இனி ஒவ்வொரு குறியிலிருந்தும் தரைவரை அளங்கள். குச்சிப் பக்கத்து அளவு 6 அங்குலம் கூடுதலாக இருந்தால் சரி.

அளவு முன்னுக்குப்பின் முரணாக வந்தால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும்: குழாய்க்குள் காற்றுக்குமிழி நிற்கிறது, அல்லது யாரோ ஒரு முனையை விரலால் மூடியிருக்கிறார்கள். இரண்டு முனையும் திறந்திருந்தால்தான் தண்ணீர் சமமாகும்.

பள்ளத்தை நிரப்ப மணல் வேண்டாம். தண்ணீர் அதில் நேராகக் கீழே இறங்கிவிடும். களிப்புள்ள மண்ணைச் சிறிது சிறிதாகப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். சுவரில் ஓதம் தடுக்கும் அடுக்கு இருந்தால், மண் அதற்கு 6 அங்குலமாவது கீழே நிற்கட்டும்.

ஏற்கெனவே இருக்கும் கறையையோ விரிசலையோ செடியை வைத்து மறைக்காதீர்கள். வாங்குபவர் பொறியாளரோடு வந்து தொட்டியை நகர்த்திப் பார்த்தால், மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும்.

படி 3: ஓரம் வெட்டி மூடாக்கு

புல் முடிந்து பாத்தி தொடங்கும் இடத்தில் மண்வெட்டியால் நேராக 4 அங்குலம் ஆழத்துக்கு வெட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பட்டை வாங்குவதைவிட இது அழகு, செலவும் கிடையாது. பாத்திக்குள் மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாக, சிறு மரத்துண்டுகளோ காய்ந்த இலையோ 2 முதல் 3 அங்குலம் பரப்புங்கள். மரத்தடியில் குவிக்காதீர்கள், ஈரம் தங்கிப் பட்டை அழுகும்.

படி 4: தரையும் கேட்டும்

பாசிக்கு முரட்டு பிரஷும் தண்ணீரும் போதும். சிமென்ட் தரையில் வினிகர் ஊற்றச் சொல்லும் வீடியோக்களைத் தள்ளிவிடுங்கள். அமிலம் சிமென்டையே அரிக்கும். கேட்டில் துருவை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, காய்ந்தபின் எனாமல் அடியுங்கள். பிரைமரைத் தவிர்த்தால் துரு சீக்கிரமே மேலே வந்துவிடும்.

படி 5: இப்போது செடி

இருக்கும் புதர்களைப் பிரித்து நட்டாலே பாதி இடம் நிறையும். வேர்பிடிக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இதை மட்டும் முன்கூட்டியே ஆரம்பியுங்கள். வாங்குவதானால் வாசலருகே வைக்க இரண்டு பெரிய தொட்டிகள் போதும். படம் எடுப்பது காலை அல்லது மாலை வெயிலில்; உச்சிவெயிலில் எந்தத் தோட்டமும் வெளிறித்தான் தெரியும்.

பின்சேர்க்கை: மண்ணே இல்லை, முழுக்க சிமென்ட்தான் என்று சிலர் எழுதியிருந்தார்கள். 2, 4 படிகளைச் செய்தாலே போதும். தண்ணீர் போகும் மூலையில் மட்டும் தொட்டிகளை வைத்து அடைக்காதீர்கள்.

மூடாக்கால் கறையான் வருமா என்று இன்னொரு கேள்வி. ஈரமான மரத்துண்டு கறையானுக்குப் பிடித்தமானது என்பது உண்மை. சுவரிலிருந்து 6 அங்குலம் தள்ளியே பரப்புங்கள். அந்த இடைவெளியில் ஜல்லி போட்டுவிட்டால் மழைநீர் தெறித்துச் சுவரில் சேறு படிவதும் குறையும்.