‘சந்தையே பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்பவரிடம் என்ன கேட்பது?

"அரசு தலையிடக் கூடாது, சந்தையே பார்த்துக்கொள்ளும்" என்ற வாதம் டிவி விவாதத்தில் வரும், பட்ஜெட் நாளில் வரும், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஏனென்றால் நாலு கடை இருந்தால் விலை குறையும் என்பது எல்லோரும் நேரில் பார்த்த உண்மை. சிக்கல் என்னவென்றால், இந்த வாதத்தைக் காசு செலவழித்துப் பரப்புபவர்கள் பெரும்பாலும் அந்த நாலு கடையில் ஒருவர் இல்லை. போட்டியை ஒழித்துவிட்ட, அல்லது ஒழிக்கப் பார்க்கும் பெருநிறுவனங்கள். சந்தைக்கு இருக்கும் நல்ல பெயரை அவர்கள் எடுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சில கேள்விகள் போதும். அமெரிக்காவின் இன்சுலின் விவகாரத்தை வைத்துச் சொல்கிறேன். சுகர் இல்லாத குடும்பம் நம்மிடம் குறைவு, அதனால் விஷயம் சட்டென்று புரியும்.

விற்பவர் எத்தனை பேர்? வாங்குபவர் வேண்டாமென்று எழுந்து போக முடியுமா?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இன்சுலின் 1921-ல் கனடாவின் டொராண்டோவில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் 1923-ல் அதன் காப்புரிமையைத் தலா 1 டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். நூறு வருடம் கழித்துப் பார்த்தால் உலக இன்சுலின் விற்பனையில் 90 சதவீதத்துக்கு மேல் எலி லில்லி, நோவோ நார்டிஸ்க், சனோஃபி என்ற மூன்று நிறுவனங்களின் கையில் இருக்கிறது. லில்லியின் ஹியூமலாக் 1996-ல் வந்தபோது அமெரிக்காவில் ஒரு குப்பி சுமார் 21 டாலர், 2017-ல் சுமார் 275 டாலர். அதே மருந்து, அதே குப்பி. உடலே இன்சுலின் சுரக்காத டைப் 1 நோயாளிக்கு இன்சுலின் நின்றால் உயிர் நிற்காது, ஆகவே "விலை அதிகம், அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிறேன்" என்று அவரால் சொல்ல முடியாது. காசு போதாமல் அளவைக் குறைத்துக் குறைத்துப் போட்டு இறந்துபோன இளைஞர்கள் உலகின் மிகப் பணக்கார நாட்டில் இருக்கிறார்கள், இதைக் கோபப்படாமல் எழுத எனக்குத் தெரியவில்லை.

நிறுவனங்களிடம் கேட்டால் தவறு இடைத்தரகர்களுடையது என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. அங்கே காப்பீட்டு நிறுவனங்களுக்காக மருந்து விலை பேசும் இடைத்தரகு நிறுவனங்கள் இருக்கின்றன, எந்த மருந்து காப்பீட்டுப் பட்டியலில் இடம்பெறும் என்பதை முடிவு செய்வதில் அவர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது, அதற்கு மருந்து நிறுவனத்திடமிருந்து தள்ளுபடி வாங்குகிறார்கள். மருந்து நிறுவனம் அறிவிக்கும் பட்டியல் விலை எவ்வளவு உயர்வோ தள்ளுபடியும் அவ்வளவு பெரிது, அதனால் விலை ஏறுவது இரண்டு பக்கத்துக்கும் வசதி. காப்பீடு இல்லாதவர்தான் முழு விலையையும் கொடுத்தார். அந்த இடைத்தரகிலும் மூன்றே நிறுவனங்கள் நாட்டின் மருந்துச் சீட்டுகளில் சுமார் 80 சதவீதத்தைக் கையாளுகின்றன. 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் இன்சுலின் விலை தொடர்பாக இந்த மூன்றின் மீதும் நடவடிக்கை எடுத்தது. விற்பவர் மூவர், இடையில் மூவர். இதில் எதைச் சந்தை என்கிறீர்கள் என்று அவரிடம் நேரடியாகவே கேளுங்கள்.

விதியை எழுதியது யார்?

விதியே இல்லாத சந்தை எங்கும் கிடையாது. காப்புரிமை என்பதே அரசு கொடுக்கும் ஏகபோகம்தான். ஆகவே ‘அரசு தலையிடலாமா’ என்ற விவாதத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள், ஏற்கெனவே தலையிட்ட அரசு யாருக்காகத் தலையிட்டது என்று பாருங்கள்.

அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். 2003-ல் அதில் மருந்துச் செலவையும் சேர்த்துச் சட்டம் போட்டார்கள், கூடவே மருந்து நிறுவனங்களிடம் அரசு விலை பேசக் கூடாது என்றும் எழுதி வைத்தார்கள். இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் பேரம் பேசவே கூடாதாம், அதற்குச் சொன்ன காரணம் சுதந்திரச் சந்தை. முன்னாள் ராணுவத்தினருக்கான துறை அப்போதே பேரம் பேசிக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சட்டத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த நாடாளுமன்றக் குழுத் தலைவர் பில்லி டாஸின், 2005 தொடக்கத்தில் மருந்து நிறுவனங்களின் சங்கத்துக்கே தலைவராகப் போய்ச் சேர்ந்தார்.

2022-ல் சட்டம் மாறியது. மெடிகேர் நோயாளிகளுக்கு இன்சுலின் செலவு மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்றானது, சில மருந்துகளுக்கு விலை பேசும் உரிமையும் அரசுக்குக் கிடைத்தது. முதல் சுற்றிலேயே நோவோலாக் இன்சுலினின் ஒரு மாதச் செலவு பட்டியல் விலையான 495 டாலரிலிருந்து 119 டாலர் ஆனது, 2026 ஜனவரியிலிருந்து நடைமுறை. அதற்கு முன்பே, 2023-ல், நிறுவனங்கள் நீதிமன்றம் போய்விட்டன, தொழில் நிறுவனங்களின் சங்கமான அமெரிக்க வர்த்தக சபையும் தனியாக வழக்குப் போட்டது. வாங்குபவர் பேரம் பேசுவதைச் சந்தைக்கு விரோதம் என்று வாதாடும் நிலை வந்துவிட்டது என்றால், அவர்கள் காப்பாற்ற நினைப்பது சந்தை இல்லை.

உண்மையான போட்டி எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. இந்தியாவின் 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் தந்தது. அதனால் ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் தயாரித்தன. வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன எய்ட்ஸ் கூட்டுமருந்தை 2001-ல் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதே சமயத்தில் மலிவான மருந்தை இறக்குமதி செய்ய வழிவிட்ட தென்னாப்பிரிக்க அரசின் மீது 39 மருந்து நிறுவனங்கள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தன, உலகம் முழுக்க எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 2001 ஏப்ரலில் பின்வாங்கின. விலையைக் குறைத்தது போட்டி, போட்டியை உண்டாக்கியது சட்டம். யாராவது சந்தையைப் புகழ ஆரம்பித்தால் நான் முதலில் எடுத்துப் போடுவது இந்தக் கதையைத்தான்.

நட்டம் வந்தால் யார் தலையில்?

2008-ல் அமெரிக்காவில் வெடித்த நிதி நெருக்கடி ஒன்றே போதும். ஆபத்தான நிதி ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று 1998-லேயே புரூக்ஸ்லி பார்ன் என்ற கண்காணிப்பு அதிகாரி கேட்டார். மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பானும் நிதியமைச்சரும் சேர்ந்து தடுத்தார்கள், 2000-ல் அந்த ஒப்பந்தங்களைக் கண்காணிப்பிலிருந்து விடுவித்துச் சட்டமே வந்தது. 2008 செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவால். மறுநாளே அதே ஒப்பந்தங்களில் மூழ்கிய ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசுத் தரப்பிலிருந்து 8,500 கோடி டாலர் கடன், அக்டோபரில் வங்கிகளைக் காக்க 70,000 கோடி டாலர் திட்டம். லாபம் வந்தவரை அது சந்தையின் வெற்றி, நட்டம் வந்ததும் அது நாட்டின் பொறுப்பு. அக்டோபர் 23-ல் கிரீன்ஸ்பான் நாடாளுமன்றக் குழுவின் முன் தன் கோட்பாட்டில் ஒரு குறை இருப்பதைக் கண்டுகொண்டதாக ஒப்புக்கொண்டார். அத்தோடு அந்தச் சித்தாந்தம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். இரண்டே வருடத்தில் பேச்சு முழுக்க அரசுச் செலவு, அரசுக் கடன், சிக்கனம் என்று திரும்பிவிட்டது, பிரிட்டனில் 2010-லிருந்து வெட்டு விழுந்தது பொதுச் சேவைகளுக்கு.

பேசுபவருக்குப் பின்னால் யார்?

இவ்வளவு அடி வாங்கியும் இந்த நம்பிக்கை ஏன் சாகவில்லை? அது சான்றுகளை மட்டும் நம்பி நிற்கவில்லை, அதைப் பரப்பும் அமைப்புகளின் மேல் நிற்கிறது. 1947-ல் சுதந்திரச் சந்தையை ஆதரித்த பொருளியலாளர் ஹாயெக் சுவிட்சர்லாந்தில் கூட்டிய மோன்ட் பெலரின் சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் அறிஞர்கள், மில்டன் ஃப்ரீட்மன் உட்பட. அப்போது அவர்கள் பேச்சைக் கேட்க ஆளில்லை. காசு கூடச் சேர்ந்தபோதுதான் நிலைமை மாறியது. 1971 ஆகஸ்டில் வழக்கறிஞர் லூயிஸ் பவல், தொழில் உலகம் பல்கலைக்கழகம், ஊடகம், நீதிமன்றம் எல்லாவற்றிலும் திட்டமிட்டு இறங்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். யாருக்கு? மேலே சொன்ன அதே அமெரிக்க வர்த்தக சபைக்கு. சில மாதங்களில் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியும் ஆனார். 1973-ல் ஹெரிடேஜ் அறக்கட்டளை, 1977-ல் கேட்டோ என்று சந்தைக்காகப் பேசும் ஆய்வு அமைப்புகள் வரிசையாக வந்தன. ஒரு நெருக்கடி வரும்போது தயாராகக் கட்டுரை, தயாராக நிபுணர், தயாராக மசோதா வைத்திருப்பவர் சொல்வதுதான் எடுபடும். எதிர்த்தரப்பு நியாயமாக இருந்தாலும் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கும்.

ஆகவே ‘பொருளாதார நிபுணர்’ என்று யாரையாவது அறிமுகப்படுத்தினால் அவர் எந்த அமைப்பில் இருக்கிறார், அதற்கு நிதி எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். அமெரிக்காவில் யார் எதற்காக எவ்வளவு செலவழித்து அரசிடம் பரிந்து பேசினார்கள் என்பது காலாண்டுக்கு ஒருமுறை பொதுவில் வருகிறது, ஆனால் ஆய்வு அமைப்புகள் நன்கொடையாளர் பெயரை வெளியிட வேண்டியதில்லை. இந்தியாவில் தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, எந்த நிறுவனம் எவ்வளவுக்கு வாங்கியது, எந்தக் கட்சி பணமாக்கியது என்ற பட்டியல் தேர்தல் ஆணைய இணையதளத்தில் வந்தது. நிறுவனங்கள் லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குத் தரக் கூடாது என்ற வரம்பு 2017-ல் நீக்கப்பட்டிருந்தது, அந்த நீக்கமும் அதே தீர்ப்பில் செல்லாது என்றானது. ஒரு துறைக்குச் சலுகை வந்தால் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். பெயர் இருப்பதாலேயே குற்றம் என்றாகிவிடாது, ஆனால் அடுத்த கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும்.

வீட்டில் பேசும்போது

சித்தப்பாவோ மாமாவோ இதை நம்பினால் அவரை யாருடைய ஏஜென்டாகவும் பார்க்காதீர்கள். டெலிபோனுக்கு எழுதிப்போட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறை அது, அவர்களுடைய அனுபவம் பொய் இல்லை. அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவர் கையில் இருக்கும் போனையே எடுத்துக்கொண்டு பேசுங்கள். பத்து வருடத்துக்கு முன்னால் எத்தனை கம்பெனி சிம் கிடைத்தது? 2016-ல் ஜியோ இலவசமாக வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். 2018-ல் தமிழ்நாட்டிலேயே பிறந்த ஏர்செல் திவாலாகி, நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற முடியாமல் லட்சக்கணக்கானவர்கள் அலைந்தது அவருக்கு நினைவிருக்கும். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் ஓரிரு நாள் இடைவெளியில் கட்டணத்தை ஏற்றின. அந்த மாதம் பல லட்சம் பேர் மாறிப்போனது பிஎஸ்என்எல்லுக்கு, ஏற்றாமல் இருந்தது அது ஒன்றுதான். அந்த அரசு நிறுவனத்துக்கு 4ஜி இவ்வளவு தாமதமாக வந்தது யாருக்கு லாபம் என்று அவரிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள்.